துடைக்காத வயிறு

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ஆஸ்பத்திரியின் பின்பக்க ரோட்டில் ஈ காக்கை இல்லை… பேய்க்கு ராத்திரிதான் தோது என்று நினைத்துக்கொண்டு பகலில் நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் தட்டைக் கீழே வைத்துவிடுங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

இது என் அண்ணியின் தங்கைக்கு நடந்தது. டாக்டராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சோப்பு'. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரை மூன்று தடவை கழுவுவாள், பிறகும் மோந்து பார்ப்பாள். இவள் போய் யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாள் என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

மறுநாள் அவளுக்குப் பரீட்சை. கட்டிலுக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு போய், படுத்திருப்பவரின் வயிற்றில் ஸ்கேன் பார்த்துக் காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் விட்டால் ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஸ்கேன் அறைக்குப் பழக வந்தாள். தன் வயிற்றிலேயே பார்த்துப் பழகுவது அவர்களுக்குள் வழக்கம்.

கதவைச் சாத்தினாள். மெஷின் 'ம்ம்ம்' என்று முனகியது. சட்டையைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து, ஜெல் பாட்டிலை அமுக்கினாள். புர்ர்ர்… அந்த ஜெல் எப்போதும் உடம்பு சிலிர்க்கிற மாதிரி ஜில்லென்று இருக்கும். அன்றைக்கு… வெதுவெதுப்பாக விழுந்தது. துப்பின எச்சில் மாதிரி. கூடவே ஒரு வாடை, பல நாளாகக் கட்டுப் பிரிக்காத புண்ணின் வாடை. ஜெல்லுக்குள் ஒரு நரைமுடி சுருண்டு கிடந்தது. வேறு நாளாக இருந்தால் சோப்பு குழாயடிக்கு ஓடியிருப்பாள். ஆனால் பரீட்சையாயிற்றே. மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தாள்.

"கறுப்பைத் தேடுங்க. கல்லீரலுக்கும் கிட்னிக்கும் நடுவுல கறுப்பு தெரிஞ்சா, அது தண்ணி." இது அவர்களுடைய வாத்தியார் டாக்டர் நூறு தடவை சொன்ன பாடம். நல்ல வயிற்றில் அந்த இடத்தில் கறுப்பு இருக்காது.

இவள் வயிற்றில் இருந்தது. பட்டையாக இல்லை… குளம் மாதிரி. அதில் குடல் மிதந்தது. கிட்னியின் ஓரத்தில் கோலிக்குண்டு மாதிரி ஓர் உருண்டை.

அந்த வயிற்றை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

போன வாரம் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவரின் வயிறு. அவர் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் சோப்புக்குச் சொல்லத் தெரியாது, பார்த்ததே இல்லை. அந்தக் கோலிக்குண்டை மட்டும் எங்கே கண்டாலும் தெரியும். "நல்ல கேஸ். எல்லாரும் வந்து பாருங்க" என்று வாத்தியார் கூப்பிட, மொத்தக் கூட்டமும் வரிசையில் நின்று பார்த்தது. ஆளாளுக்கு ஜெல் மேல் ஜெல். அந்த மனிதருடைய தோல் காய்ந்து செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. செதிலும் ஜெல்லும் குழைந்து சாம்பல் நிறத்தில் விலாவில் வழிந்தது. மெஷினைத் துடைக்காமல் வைத்தால் வாத்தியார் தோலை உரித்துவிடுவார். ஆளைத் துடைக்கச் சொல்லி அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசியாகப் பார்த்தது சோப்பு. படுத்திருந்த அந்த மனிதரின் இரண்டு கையிலும் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. "துடைச்சு விட்டுட்டுப் போம்மா… அரிக்குது" என்றார். துடைக்கிற பேப்பர்ச் சுருள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இவள் அந்தக் குழம்பைப் பார்த்தாள். "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கையை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அன்றைக்கே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். "வயிறெல்லாம் கஞ்சி போட்ட துணியாட்டம் வெறைச்சுக் கிடந்துச்சு" என்று உடம்பைக் கழுவின ஆயாம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாளாம்.

சோப்பு வெடுக்கென்று கருவியை எடுத்தாள். எடுத்தால் படம் போய்விட வேண்டும்… போகவில்லை. மூச்சுக்கு ஏற்றபடி தண்ணீர் ஆடியது. தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். திரையில் மூச்சு நிற்கவில்லை.

ஜெல்லைத் துடைக்காமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விழுந்தடித்து ஓடினாள். வீட்டில் ஒரு முழு சோப்பு கரைகிறவரைக்கும் குளித்தாள்.

அன்றைக்கு யாரிடமும் மூச்சுவிடவில்லை. திங்கட்கிழமை பரீட்சைக்குப் போனாள். இவளுக்கு முன்னால் பரீட்சை முடித்துப் படுத்திருந்த பையனின் வயிற்றில் கறுப்பே இல்லை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. எல்லாம் சரியாகச் சொன்னாள். "பாஸ்" என்றார் வாத்தியார். அப்பாடா என்று கிளம்பப் பார்த்தவளிடம் கட்டிலைக் காட்டினார். பரீட்சை முடித்தவர் அடுத்தவருக்குப் படுக்க வேண்டும், அதுதான் அங்கே முறை. பயத்தில் அதை மறந்தே போயிருந்தாள்.

படுத்தாள். அடுத்தது அவள் சிநேகிதி, கண்ணாடிக்காரி. ஜெல் விழுந்தது… வெதுவெதுப்பாக. கருவியை வைத்த கண்ணாடிக்காரியின் கை அப்படியே நின்றது. வாத்தியார் குனிந்து திரையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைச் சோப்பு பார்த்தாள்.

"அடடே… நல்ல கேஸ். எல்லாரும் வந்து பாருங்க."

வந்தார்கள். ஆளாளுக்கு ஜெல் மேல் ஜெல். "சார், எனக்கு பயமா இருக்கு சார்" என்றாள். ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் திரையில். பெரிய டாக்டரைக் கூட்டி வர வாத்தியார் ஓடினார். மற்றவர்கள் பேசிக்கொண்டே டீக்குக் கிளம்பினார்கள். எழுந்திருக்கப் பார்த்தாள், வயிற்றின் கனம் எழவிடவில்லை. கண்ணாடிக்காரி மெஷினை மட்டும் பதவிசாகத் துடைத்துவிட்டுக் கதவருகே போனாள்.

"ஏய்… துடைச்சு விட்டுட்டுப் போடி. அரிக்குது."

"இதோ வர்றேன்டி."

கதவு சாத்திக்கொண்டது. ஜெல் விலாவில் வழிந்து முதுகுக்கு அடியில் போனது. அந்த வாடை வந்தது. வெறுங்கால் சத்தம்… சதக்… சதக்… கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. சோப்பு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யாரோ அவள் வயிற்றைத் துடைத்தார்கள். அவசரமில்லாமல், விலா, தொப்புள், இடுப்பு மடிப்பு என்று ஓர் இடம் விடாமல்… குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி.

பெரிய டாக்டர் வந்து பார்த்தபோது தண்ணீரும் இல்லை, கோலிக்குண்டும் இல்லை. மெஷின் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். அவள் இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர். யாருக்கு ஸ்கேன் பார்த்தாலும் தானே துடைத்துவிடுவாள்.

ஆனால் குளிக்கப் போனால் இன்னும் ஒரு மணி நேரம். "அதான் அவரு நல்லா துடைச்சுவிட்டுட்டாரே, இன்னும் என்னடி தேய்க்கிற?" என்று அண்ணி ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

சோப்பு குளியலறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாளாம். அப்புறம் சொன்னாளாம்.

"பேப்பர் கிழிக்கிற சத்தமே கேக்கலக்கா… அவரு தன்னைத் துடைச்ச பேப்பர்லயே என்னையும் துடைச்சிருக்காரு. ஈரமா இருந்துச்சு. செதில் செதிலா… என் மேல ஒட்டுச்சு."