விடாம போட்ட மாத்திரை

அட, டாக்டர் சீட்டெல்லாம் எதுக்கும்மா, ஒங்க மொதலாளி கண்ணுச்சாமி அண்ணாச்சி இருந்தா பேரச் சொன்னதுமே எடுத்து வச்சிருவாரு. அவரு எங்க, சாப்பிடப் போயிருக்காரா? சரி சரி. நீ புதுசா? கோட்டுல யோகலட்சுமின்னு போட்டிருக்கு. என்னையத் தெரியாதுல்ல உனக்கு. மகேஷ்குமார். ஏழாயிரம்பண்ணை ரோட்டுல பட்டாசுக் கம்பெனி வச்சிருக்கோம். மாத்திரை எனக்கில்ல, என் வீட்டுக்காரி வேல்விழிக்கு. கொளந்தை தள்ளிப்போடுற மாத்திரைதான், இதுல என்ன கூச்சம். ரெண்டு அட்டை குடு, போயிருவேன்.

யாரு எளுதிக் குடுத்ததா? யாரும் எளுதல. பொண்ணு பெறந்த பெறகு அடுத்தது கொஞ்சம் போகட்டும்னு நெனச்சோம், நானே வாங்கிட்டுப் போனேன். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் செம்புல தண்ணியும் கையில மாத்திரையுமா போயி நிப்பேன். அவ முளுங்குறதப் பாத்துட்டுத்தான் படுப்பேன். தெனமும் ஒரே நேரத்துல போடணும், ஒரு நா மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போட்டுரணும், அதெல்லாம் எனக்கு அத்துபடி. எத்தன ஆம்பள இப்பிடிப் பாப்பான் சொல்லு. என்னது, அட்டை கூட மடிச்சு வச்சிருக்க பேப்பரா? அத விரிச்சா துண்டு அகலத்துக்கு இருக்கு. எளுத்து எறும்பு கணக்கா ஊருது. யாரும்மா அத உக்காந்து படிக்க.

கடைசி வரிசை செவப்பு மாத்திரைய என்ன செய்றாளா? பரவால்ல, வெவரமாத்தான் கேக்குற. அதெல்லாம் போடுறதில்ல. வெள்ள மாத்திரை முடிஞ்சதும் மறுநாளே புது அட்டை. ஆடி மாசத்துல இருந்து அப்பிடித்தான். நடுவுல விட்டா வீட்டுக்குத் தூரமாயிருவால்ல. தீவாளி சீசன் முடியிற வரைக்கும் அது ஆகாது.

ஏன்னா கேளு. எங்க கம்பெனியில காலையில வெள்ளன பட்டாசு மருந்து கலக்க ஆளுக உள்ள போகுமுன்ன அம்மனுக்கு வெளக்கேத்தணும். எங்க வீட்டுப் பொம்பளதான் ஏத்தணும், வேற கை படக்கூடாது. இம்புட்டு வருசம் எங்கம்மா ஏத்துனாக, பொன்னுத்தங்கம்னா ஊருக்கே தெரியும். அவுகளுக்கு முட்டி போனதுக்குப் பெறகு இவ. போன வருசம் புதுப்பட்டிப் பக்கம் ஒரு ரூம் வெடிச்சது உனக்குத் தெரியும்ல. நான் போயிப் பாத்தேன். சுவரு நிக்கிது, உள்ள ஒண்ணுமில்ல. அன்னைக்கு அங்கன வெளக்கேத்துனவ தீட்டோட ஏத்திட்டான்னு பேசிக்கிட்டாக. சிரிக்காத. நீ படிச்ச புள்ள, சிரிப்ப. எனக்குக் கீள நூறு சனம் உக்காந்து வேல பாக்குது, எல்லாம் புள்ளகுட்டிக்காரி. ஒரு பொறி போதும். என்னால சிரிக்க முடியல.

எடவெளி விடாம போடுறது தப்பில்லைங்கிறியா? இந்தா பாரு, நீயே சொல்லிட்ட. அப்புறம் என்ன, எடு. டாக்டரு உடம்பச் சோதிச்சுட்டுச் சொல்லியிருக்கணுமா. அவளுக்கு என்ன உடம்புக்கு. பீடி, சிகரெட்டா குடிக்கா? பிரஷரு பாத்ததில்ல. தலைவலி உண்டு. கலியாணத்துக்கு முன்னாலயிருந்தே உண்டு, இப்ப கொஞ்சம் கூட. எப்பிடியா? மொதல்ல ஒரு பக்கத்துக் கண்ணுல கம்பி மத்தாப்பூ பொரியிற மாதிரி நெளிநெளியா மினுங்குமாம். அப்புறம் மண்டைய உடைக்குமாம். நான் கிண்டல் பண்ணுவேன், பட்டாசுக்காரன் பொண்டாட்டிக்கு கண்ணுக்குள்ளயே தீவாளியான்னு. கந்தகப் பொக சேரலன்னு விட்டுட்டோம். ஏன், தலைவலிக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?

அப்பிடித் தலைவலி இருக்கவக இந்த மாத்திரைய எடுக்கவே கூடாதா. இத யாரும் சொல்லலையே. நாங்களும் கேக்கல, அது வேற.

அவ சொந்தத்துலயா? ரத்தம் உறைஞ்சு கட்டுறதுன்னா, இந்த மாத்திரை அப்பிடியும் பண்ணுமா... அவ அம்மாவுக்கு ஒருக்க தொடையில கட்டுச்சு, மதுரையில வச்சுப் பாத்தாக. அது அவுக உடம்பு. ஏம்மா, போலீஸ்காரி மாதிரி ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டே இருக்க. ஆளுக கம்பெனி கேட்டுல நிக்கிறாக, லோடு வேற ஏத்தணும். ஒரு அட்டையாவது குடு. நேத்தோட தீந்துபோச்சு. போன வாரம் லேசா கறை பட்டுச்சு, பயந்துபோயி தெனமும் ரெண்டு ரெண்டா குடுத்தேன், அதான் சீக்கிரம் தீந்துருச்சு. அப்பிடிக் கறை படுறது சகசமா? ரெண்டு குடுக்கக் கூடாதா? வெளக்கு நிக்கக் கூடாதேன்னு குடுத்துட்டேன்மா.

காலா? நான் காலப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. நீயா எப்பிடிக் கேக்குற?

வீங்கித்தான் இருக்கு. எடது காலு மட்டும், கெண்டைச் சதையில. தொட்டா சுடும். செவந்து, தோலு மினுமினுன்னு இருக்கு. அம்மா பாத்துட்டு, கம்பெனியில தரையில கால மடக்கி உக்காந்து பொண்ணுகளோட சேந்து பட்டாசுத் திரி கிள்ளுறால்ல, நரம்பு பெரண்டிருக்கும்னு சொன்னாக. இங்கன எல்லாப் பொம்பளைக்கும் சீசன்ல காலு அப்பிடித்தான் வீங்கும், யாரு டாக்டருகிட்ட போறா. நேத்து நானே உக்காந்து வேப்பெண்ணெய காய்ச்சி நல்லா அளுத்தி உருவி விட்டேன். வலிக்குது வலிக்குதுன்னா. பொறுத்துக்கோ, வலிச்சாத்தான் எறங்கும்னேன்.

ஏன் அப்பிடிப் பாக்குற? உருவக் கூடாதா? கட்டுன ரத்தம் நவுந்து நெஞ்சுக்குப் போயிருமா?

இல்லம்மா, நெஞ்செல்லாம் ஒண்ணும்... இன்னைக்குக் காலையில நெஞ்சு பிடிக்கிதுன்னா. மூச்சை இளுத்தா குத்துதாம். வாயுதான்னு ஓமத்தண்ணி குடுத்தோம். குடிச்சா. அப்பவும் வெளக்கேத்த வரமாட்டேன்னு சொல்லல தெரியுமா. அவ அப்பிடி ஒரு பொண்ணு. வெளக்கு மாடத்து முன்னால நிக்கையில சொவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நாய் எரைக்கிற மாதிரி எரைச்சா. நான்தான் மணிக்கட்டப் பிடிச்சு ஏத்த வச்சேன். ஏத்தி முடிச்சதும் இருமுனா. முந்தானையில துளி ரத்தம். பல்லு ஈறுல இருந்து வந்திருக்கும்னு அவளே சொன்னா. எனக்கு ஆறுதல் சொன்னா பாரு.

போனு எதுக்கு எடுக்குற? நூத்தியெட்டா? ஏம்மா, கடைக்கு வந்தவன்கிட்ட என்னம்மா இது, ரோட்டுல போறவுகளெல்லாம் பாக்குறாக. நான் மாத்திரை வாங்கத்தானே வந்தேன். அவளுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னனா நான்? அட்டை வாங்கி வச்சுட்டா, ராத்திரி வளக்கம் போல செம்பத் தூக்கிட்டுப் போயி நிக்கலாம். அவ போட்டுக்கிடுவா. அவ்வளவுதான். அட்டைய வாங்கிட்டா அவ போட்டுத்தானே ஆகணும்.

வீட்ல இல்ல. வீட்ல இல்லம்மா.

கார்லதான் இருக்கா. அந்தா, வேப்பமரத்தடியில நிக்கிதுல்ல வெள்ளக் காரு, அதுல பின் சீட்டுல. ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுக் கெளம்புனேன், சத்தியமா. திருத்தங்கல் நொளையும்போது என்னங்க என்னங்கன்னு ரெண்டு தரம் கூப்பிட்டா. வண்டி ஓட்டுறேன்ல, இரு வந்துருச்சுன்னேன். அப்புறம் கூப்பிடல. தூங்கிட்டாப் போலன்னு நெனச்சேன். இங்கன நிப்பாட்டி வேலு, வேலுன்னேன். கையத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. ஏசி போட்டிருந்தேன்ல, அதனால இருக்கும். இருக்கும்ல? ஒங்க கடை போர்டு தெரிஞ்சுச்சு, எறங்கி வந்துட்டேன். வந்ததுல இருந்து அந்தப் பக்கம் திரும்பல.

நீ போம்மா. ஓடு. கதவு பூட்டல. நான் இங்கனயே நிக்கேன், நீ போயிப் பாத்துட்டு வந்து சொல்லு.