அவருக்கு முன்னால் கிளம்பிய கார்

மாலை ஐந்தே முக்கால். வியாழக்கிழமை. தெற்குக் கடற்கரையிலிருந்து மேலேறி வரும் தேக்கங்காட்டுச் சாலை... அந்நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. என் நண்பன் ஹர்ஜோவின் அக்கா கணவர் சர்வோனோ, மோட்டார் சைக்கிளில் சோலோ நகரத்து வீட்டுக்குத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் குடும்பத்தோடு பயணம். காலையில் பிரம்பானன் பக்கத்துப் பழைய கற்கோயில்கள், பிற்பகலில் கடல். மனைவி எண்டாவுக்கு வளைவுச் சாலை ஒத்துக்கொள்ளாது. மகள் லாரஸுக்கு ஐந்து வயது, பசி தாங்க மாட்டாள். அதனால் எங்கே நிறுத்துவது, எங்கே சாப்பிடுவது, எந்த அறையில் தங்குவது என்று முன்னாலேயே வந்து பார்த்தார். மணி வாரியாக எழுதி மனைவியின் போனுக்கும் அனுப்பிவிட்டார். ஆசையாகப் போட்ட திட்டம்.

முதலில் வாசனைதான் வந்தது. சுட்ட மரவள்ளிக்கிழங்கு. சுற்றிலும் வீடில்லை... புகையில்லை. காட்டில் அந்த வாசனை அடித்தால் பக்கத்தில் யாரோ நிற்கிறார், அது மனிதரில்லை, திரும்பிப் பார்க்காதே என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். சர்வோனோ திரும்பவில்லை. ஆனால் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது.

உதைத்தார். உதைத்தார். ம்ஹும். காய்ந்த தேக்கிலைகள் மேல் சரக்... சரக்... என்று பின்னாலிருந்து ஒரு நடை. அவரைத் தாண்டியது. சோலோ நகரம் இருக்கும் திசையில் போய் அடங்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நேரமாகும் என்று சொல்ல மனைவியைக் கூப்பிட்டார். அவள் சிரித்தாள். கணவரை ‘மாஸ்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“என்ன மாஸ், பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டே போன் பண்றீங்க? வயசு திரும்புதா?”

“எண்டா... நான் காட்டுக்குள்ள நிக்கிறேன். வண்டி நின்னுடுச்சு.”

“போதும், வெளையாடாதீங்க. குழம்பு அடுப்புல இருக்கு.”

அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் லாரஸிடம் பேசிக்கொண்டிருந்தது. “காலைல ஒம்பதுக்குக் கோயில். பதினொன்றரைக்குச் சூப்பு சோறு. மூணு மணிக்குக் கடல்...” அவர் எழுதியதுதான், வரி பிசகாமல். குரலும் அவருடையதுதான்.

அதோடு சிக்னல் போயிற்று, விடியும்வரை வரவேயில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார், ஓடினார், அழுதார். கடைசியில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி ஏற்றிக்கொண்டது. வழியில் அதுவும் பழுதாகி, சோலோவில் அவர் இறங்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. வீடு பூட்டியிருந்தது. கார் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பாக் தார்மோ வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் கையில் துடைப்பம் அப்படியே நின்றது.

“எதையாவது மறந்துட்டீங்களா? இப்பத்தானே மூணு பேரும் கெளம்புனீங்க. நீங்கதானே ஓட்டிட்டுப் போனீங்க... எனக்குக் கைகூடக் காட்டுனீங்களே.”

பாக் தார்மோவின் வண்டியை வாங்கிக்கொண்டு பறந்தார். கற்கோயில் வாசலில் காவலாளி, “இப்பத்தான் போனீங்க, திரும்ப வந்துட்டீங்களே?” என்றான். சாப்பாட்டுக் கடையில் மேசை இன்னும் துடைக்கப்படவில்லை. மூன்று கிண்ணங்கள். இரண்டு காலி. ஒன்றில் யாரும் தொடாத சூப்பின் மேல் ஆடை படிந்திருந்தது. அவர்கள் அடுத்து எங்கே நிற்பார்கள் என்று அவருக்கு நிமிடக் கணக்காகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் பிந்தினார்.

மனைவியின் போனுக்கு மறுபடி அடித்தார். இந்த முறை எடுத்தது அவள் இல்லை.

“கத்தாத. ரெண்டு பேரும் தூங்குறாங்க.”

அவருடைய குரல். அமைதியாக.

“அவங்கள விட்டுடு,” என்றார் சர்வோனோ. “என்ன வேணும்னாலும் கேளு. விட்டுடு.”

“நான் பத்திரமாப் பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான்.

மூன்றே காலுக்குக் கடற்கரை. பாயில் எண்டாவும் லாரஸும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் மணல் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்து கிடந்தது.

“இளநீர் வாங்கப் போனீங்க, வெறுங்கையோட வர்றீங்க?” என்றாள் எண்டா. அவர் பாயைச் சுருட்டினார். வாங்கி வந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அன்றே காரில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

வழியெல்லாம் எண்டா முகம் சுளித்தபடியே இருந்தாள். “காலைலேர்ந்து எவ்வளவு சிரிச்சுப் பேசிட்டு வந்தீங்க. நான் வாந்தி எடுத்தப்பக்கூடத் தலையப் பிடிச்சுக்கிட்டீங்க. இப்ப என்ன இப்படி உம்முன்னு?”

மறுநாள் சாயங்காலம் சர்வோனோ மகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். லாரஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்... புதியவர் தொடும்போது இருப்பதுபோல. அம்மா அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு திரும்பி, மிகவும் மரியாதையாக, காதோடு கேட்டாள்:

“நீங்க போனப்புறம் அப்பா வருவாங்களா?”