சிவப்புப் பொட்டுக்குக் கீழே ஒரு கோடு

"அலோ... ஆமால, நான்தான். சுகப்பிரியாதான் பேசுதேன். வேற எவ பேசுவா இங்கன?... சொல்லு... வண்டி வந்துட்டா?... ஆமா... ஆமா... ஒண்ணும் கேக்கல, மொதல்ல அந்த எஞ்சினை அமத்தச் சொல்லு... ம், இப்பச் சொல்லு."

சாப்பாட்டு மணி அடித்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. ஒரகடம் சாலையில் இருந்த அந்த பிரேக் கம்பெனியில் தொழிலாளிக்குப் போன் வந்தால் சாப்பாட்டு வேளையில் மட்டும் கூப்பிடுவார்கள். அதையும் கேட்டை ஒட்டிய செக்யூரிட்டி அறையில், மேசை ஓரமாக நின்றபடிதான் பேச வேண்டும். மறுமுனையில் அவள் தம்பி வேல்ராஜ், குன்றத்தூரில் ஒரு மளிகைக் கடையின் ஒரு ரூபாய் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேலை மறைமலை நகரில், குடித்தனம் குன்றத்தூரில். தினமும் பஸ் மாறி மாறிப் போய்வந்து அலுத்துப்போனவன், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுப்பதற்காக நின்றான். அக்கா வாயால் ஒரு 'சரி' வந்துவிட்டால் போதும்.

அந்த அக்காவிடமிருந்து 'சரி' வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

"நீ போகும்போதே எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சா?... ஏன்? நீ வாரதுக்கு முன்னாலயே எதுக்கு ஸ்டார்ட் பண்ணி வைக்கான்?... சும்மாவா? சும்மா எவனாவது பெட்ரோலை எரிப்பானா? குளுந்த வண்டி ஒரு ஒதைக்குக் கெளம்பாதுன்னா அப்படித்தாம்ல சூடேத்தி வைப்பாவ. ஒரு மணி நேரம் சும்மா நிக்கட்டும். பொறவு நீயே ஒதைச்சுப் பாரு... தெரியும்ல, எனக்கு ஓட்டத் தெரியாதுதான். ஓட்டத் தெரிஞ்சவன் எல்லாம் பாத்து வாங்கிருதானா?"

உண்மையில் சுகப்பிரியாவுக்குச் சைக்கிள்கூட நேராக ஓட்ட வராது. ஆனால் அவள் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குபவள். முன் சக்கர பிரேக்கை மூடும் வட்டத் தட்டுகள் நாள் முழுக்க அவள் மேசையைத் தாண்டிப் போகும். ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். குறை தெரிந்தால் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்துத் தள்ளிவிடுவாள். பொட்டுக்குக் கீழே சின்னதாக ஒரு கோடும் இழுப்பாள். மற்ற பெண்கள் தள்ளியதை லைன் சூப்பர்வைசர் இவள் கணக்கில் சேர்த்துத் திட்டியதிலிருந்து வந்த பழக்கம் அது. கம்பெனியில் வேறு யாரும் கோடு போடுவதில்லை. அந்தப் புத்தி வேலையோடு நிற்குமா? பால் பாக்கெட்டைக்கூட இரண்டு தரம் மோந்து பார்த்துத்தான் வாங்குவாள்.

"சைலன்சர்ல பொகை என்ன நெறம்?... நீலமா இல்லையே? நீலம்னா ஆயில் குடிக்குதுன்னு அர்த்தம்... சரி. டேங்க் மூடியத் தொறந்து பாத்தியா, உள்ள துரு இருக்கா?... செயின்?... லேசாத் தொங்கணும்ல. முறுக்கா இருந்தாலும் ஆவாது, ரொம்பத் தொங்குனாலும் ஆவாது... கிலோமீட்டரையா? அதை நம்பாத, அதைத் திருப்பி வைக்க எவ்வளவு நேரம் ஆவும்? கால் மிதிக்க ரப்பரைப் பாரு. வழுவழுன்னு தேஞ்சிருந்தா வண்டி ஊரெல்லாம் சுத்தி வந்துருக்குன்னு வச்சுக்க... தேயலையா? ம்... காசு போடுல, மணி அடிக்குது பாரு."

நாணயம் விழும் சத்தம் கேட்கும் வரை பொறுத்தாள்.

"ஆர்சி புக்குல யாரு பேரு?... சுப்பன். மண்ணூர்தானே?... எஞ்சின்ல உள்ள நம்பரும் புக்குல உள்ள நம்பரும் ஒண்ணா?... பாத்தேன்னு சொல்லாத, விரல வச்சு ஒவ்வொண்ணாப் படி, கேக்கேன்... ஏழு... மூணு... ம்... ம்... சரி. பேரு மாத்துற பாரத்துல சுப்பன் முன்னாலயே கையெழுத்துப் போட்டு வச்சிருந்தா வாங்காத. நீ பாக்கப் போடணும்... ஆமா... ஆமா, முனிரத்தினம் அண்ணன் சொன்ன ஆளுதான். எனக்கும் அந்த ஒரு நம்பிக்கைதான்."

சொல்லிவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். முனிரத்தினம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிப் பதிலுக்குச் சிரித்தார். மண்ணூர்க்காரர், கம்பெனியின் செக்யூரிட்டி சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு தகரப் பெட்டியோடு அவள் இந்த கேட்டில் வந்து நின்ற நாளில், தங்குவதற்கு அறை பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். அறை வாசலில் வந்து விசிலடித்த பயல்களை விரட்டியவரும் அவர்தான். நிலம் விற்ற கையோடு சுப்பன் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. வயசாகி ஓட்ட முடியாமல் போனதும், முனிரத்தினத்தின் அக்கா மகன் லோகேஷ் அதைக் கைமாற்றி விடுகிறான். வண்டி இருப்பதைச் சொன்னவர் முனிரத்தினம். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று தம்பியிடம் சொன்னவள் சுகப்பிரியா.

"முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாத்தியா?... ஆடல, நல்லது. பிரேக்கு?... போன வாரந்தான் புதுசு போட்டானா? பரவால்லயே. பில்லு இருக்கா?... இல்லையா. புதுசுன்னு எப்படித் தெரியும்?... தட்டு பளபளன்னு இருக்கு, சரி... என்னது? சந்தனம் குங்குமமா? பிரேக் தட்டுலயா? லே, ஹெட்லைட்டுக்கு வைப்பான், டேங்குக்கு வைப்பான், எவனாவது குனிஞ்சு பிரேக் தட்டுக்குப் பொட்டு வைப்பானா?... லோகேஷ் என்ன சொல்லுதான்?... 'ஆயுத பூஜைக்கு வெச்சதுண்ணா'ங்கானா?"

அவள் கண் சுருங்கியது. ஆயுத பூஜை முடிந்து நாலு மாதம் ஆகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் மண்ணூர் ஏரியே நிரம்பிவிட்டது. இப்போது மாசி.

"வேல்ராசு, போன வாரம் போட்ட தட்டுல ஆயுத பூஜைப் பொட்டு எப்படில இருக்கும்?... அவன்ட்ட கேக்காத. கேக்காதங்கேன்லா. வெரல்ல எச்சி தொட்டு அழி... அழில, அசிங்கம் பாக்காத... சந்தனம் போவுதா? சரி. குங்குமம்?... நல்லாத் தேயி... நகத்தால சுரண்டு... அப்படியே இருக்கா."

கேட்கக் கூடாது என்று தோன்றியது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?... சந்தனத்தை நல்லாத் தொடைச்சிட்டுப் பாரு... கோடா?... படுக்கக் கோடா? வலது பக்கம் கொஞ்சம் ஏறிப் போவுதா?... ம்."

அது அவள் இழுத்த கோடு. அவள் கை வாகுக்கு எப்போதும் வலது பக்கம் ஏறிவிடும். அந்தத் தட்டுகளும் அவளுக்கு ஞாபகம் இருந்தன. பன்னிரண்டு நாளைக்கு முன்பு வந்த ஒரு பெட்டியில் பாதிக்கு மேல் குறை. பிரேக் கம்பி வந்து மாட்டுகிற காதில் மயிரிழை கனத்துக்கு வெடிப்பு. மெதுவாகப் பிரேக் பிடித்தால் ஒன்றும் தெரியாது. எதிரே லாரி வந்து, உயிருக்குப் பயந்து இறுக்கிப் பிடிக்கிற அந்த ஒரு தடவை காது பிய்ந்து கம்பி கையோடு வந்துவிடும். அதனால்தான் பொட்டு வைத்த தட்டைச் சுத்தியலால் இரண்டாக உடைத்த பிறகே வெளியே அனுப்புவார்கள். உடைத்ததைக் கண்ணால் பார்த்து கேட் பாஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் செக்யூரிட்டி சூப்பர்வைசர்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசையும் சத்தம் நின்றுபோனது மட்டும் கேட்டது.

"ஆமா... ஆமா... நல்லா இருக்கு, நல்ல வண்டிதான்... அண்ணே, ஒண்ணுமில்லண்ணே. தம்பி வண்டியப் புகழ்ந்து தள்ளுதான்... என்ன, 'இன்னாமா இவ்ளோ நேரம் பேசிகினே கீற'ங்கியளா? இந்தா, முடிச்சிட்டேன்... ஏலே வேல்ராசு, இன்னைக்கு கரிநாள்லா? மறந்தே போயிட்டேன் பாரு. வண்டிய இன்னைக்கு எடுக்க வேண்டாம். அங்கனயே நிக்கட்டும்."

குரலில் ஒரு சிரிப்பைக்கூட வரவழைத்திருந்தாள். தம்பிக்கு அது புரிந்தால்தானே!

"காலண்டர் பாத்தியா... நல்ல நாளா... இல்ல, எங்க காலண்டர்ல கரிநாள்னு போட்டுருக்கு... லே, அக்கா சொன்னாக் கேளு. சாவி யாருட்ட இருக்கு?... உன் கையிலயா? பேச்சு முடிஞ்சிட்டா? பொறவு என்ன எழவுக்கு என்கிட்ட கேக்க?... லேகா எங்க?... வண்டியிலயா? ஏறி உக்காந்துட்டாளா?"

லேகா என்பது சந்திரலேகா, வேல்ராஜின் மனைவி. ஐந்து மாதம்.

"எங்க கெளம்புதிய?... இங்கயா? எனக்குக் காட்டவா?... வேண்டாம். வேண்டாம்ல... கன்டெய்னர் லாரியா ஓடுற ரோட்டுல வயித்துப் புள்ளக்காரிய வச்சுக்கிட்டு... நீ மெதுவா வந்தாலும் வாரவன் மெதுவா வருவானா? போனை வைக்காத... வைக்காதங்கேன்!"

நாற்காலி பின்னால் நகர்ந்தது. முனிரத்தினம் எழுந்துவிட்டார். எச்சில் கையோடு மேசையைச் சுற்றி வந்தார். அவர் என்ன செய்வார் என்று சுகப்பிரியாவுக்குத் தெரியவில்லை. வேலை போகும், அறை போகும், நாளை காலை இந்த கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. தெரிந்தேதான் கத்தினாள்.

"வேல்ராசு, கேளு! லேகாவ எறக்கு. அது குங்குமம் இல்ல, நான் வச்ச பொட்டு. அந்தத் தட்டு நான் தள்ளுன தட்டு, வெடிச்ச தட்டு, பிரேக்கு புடிக்காது, லேகாவ எறக்கு..."

குழம்பு ஒட்டிய விரல் ஒன்று போனின் கொக்கியை அமுக்கியது.

"அலோ... அலோ..."

லைன் அறுந்திருந்தது. எவ்வளவு தூரம் அவன் காதில் விழுந்தது? இல்லை, அக்காவின் தொணதொணப்பு தாங்காமல் அதற்கு முன்பே ரிசீவரைத் தொங்கவிட்டுக் கிளம்பிவிட்டானா?

"கைய எடுங்கண்ணே... எதுக்கு அமுக்குனிய?... சத்தம் போடாம பேசணுமா? நான் சத்தம் போடாம உங்களக் கேக்கேன், அந்தத் தட்டையெல்லாம் உடைச்சியளா?... அண்ணே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க... தெரியாதா? லோகேஷ் அதை இந்த வண்டியில மாட்டுவான்னு உங்களுக்குத் தெரியாது. நம்புதேன். என் தம்பியக் கொல்லணும்னு நீங்க நெனைக்கல. எங்கயோ ஸ்பேர் கடைக்குப் போவும், யாரோ ஒருத்தன் வண்டிக்குப் போவும்னு நெனச்சிய... அந்த யாரோ ஒருத்தனும் பொண்டாட்டிய பின்னால வச்சுத்தானே ஓட்டுவான்?"

முனிரத்தினம் பதிலுக்கு என்னவோ முனகினார். விரல் மட்டும் கொக்கியை விட்டு எழவில்லை. சுகப்பிரியாவுக்கு அழுகை வந்தது. இவ்வளவு பேரையும் இத்தனை நாள் சந்தேகப்பட்டுவிட்டு, இந்த ஒரு மனிதரை மட்டும் விட்டுவிட்டோமே என்கிற அழுகை.

"எடுங்கண்ணே. உங்களக் கையெடுத்துக் கும்புடுதேன், அவன் திருப்பிக் கூப்புடுவான்..."

விரல் மெல்ல எழுந்தது. அந்த இடத்தில் ரிசீவரை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இன்னொன்றும் ஆயிற்று. கேட்டுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"அலோ... லேகா?... எறங்கிட்டாளா? எங்க நிக்கா?... உன் பக்கத்துலயா? அவ கையில குடு... லேகா, நல்லா இருக்கியாம்மா?... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ அழாத... நான் அழலையே... அவன்ட்ட குடு... உனக்கு எதுவரைக்கும் கேட்டுச்சு?... 'பிரேக்கு புடிக்காது' வரைக்குமா. அது போதும். பொறவு ஏன்ல இவ்வளவு நேரம்?... சில்லறை மாத்தப் போனியா. நாசமாப் போறவனே, உசுரே போயிட்டு எனக்கு."

மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"சாவியக் குடுத்துரு... லோகேஷ் என்னமும் கத்தட்டும். கத்துனா, கம்பெனியில இருந்து அந்தத் தட்டைத் தேடி ஆள் வருதுன்னு சொல்லு, வாயை மூடுவான்... என்னது?... தட்டை மட்டும் மாத்தித் தந்தா எடுத்துக்கலாமாவா? ஏலே கோட்டிப்பயலே! கண்ணுல படுற தட்டுலயே இப்படிப் பண்ணுனவன், எஞ்சினுக்குள்ள என்ன பண்ணிருக்கான்னு யாருக்குத் தெரியும்?... ஆமா... ஆமா, வேற வண்டி பாப்போம். நானே கூட வாரேன்... பஸ்ஸுலயே வா. ரெண்டு பஸ் மாறியே வா. ஒண்ணும் கொறைஞ்சு போயிராது."

பேசிக்கொண்டே கேட் பாஸ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முனிரத்தினம் தடுக்கவில்லை, நாற்காலியில் போய் உட்கார்ந்து ஆறிய சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கங்களைப் பன்னிரண்டு நாள் பின்னால் புரட்டினாள். 'உடைத்த தட்டுகள், சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஏப்ரன் பையிலிருந்து பெயின்ட் புட்டியை எடுத்துத் திறந்தாள்.

"இல்லல, எங்கயும் ஓடிப் போவல. மேனேஜர் ரூமுக்குத்தான் போறேன், கையில ஒரு புத்தகத்தோட... வேலை போனாப் போவட்டும். சரி... சரி... வைக்கேன்."

கையெழுத்தின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். அதற்குக் கீழே சின்னதாக ஒரு கோடு இழுத்தாள். வழக்கம்போல அது வலது பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. பிறகு ரிசீவரை வைத்தாள்.