கைரேகை கேட்காத வாலட்

— கைரேகை வெச்சுத் திறக்கிறது வேண்டாம்டா தம்பி. வேற காட்டு.

— அக்கா, கிரிப்டோ காசு வெச்சுக்க போன்ல நாலு வாலட் ஆப் காட்டிட்டேன். என் போன் கடையில உக்காந்து, செருப்புக் கடைக்கு வந்த மாதிரி ஒவ்வொண்ணா ஒதுக்குற. கைரேகையைவிடப் பத்திரம் என்ன இருக்கு? உன் விரலை எவனாவது வெட்டிட்டுப் போகப்போறானா?

— வெட்ட வேண்டாம். தூங்கும்போது எடுத்து வெச்சாப் போதும்.

— யாரு வெப்பா?

— திருடன்தான். நீ அடுத்ததைச் சொல்லு.

— இது பின் நம்பர் மட்டும் கேக்கும்.

— காசு வந்தா சத்தம் போடுமா?

— டிங்னு ஒண்ணு. சந்தோஷமான சத்தம்க்கா! நீ மொழிபெயர்த்துக் குடுத்ததுக்கு வெளிநாட்டுக்காரன் காசு அனுப்பினா தெரிய வேண்டாமா?

— அணைச்சுடு. இப்பவே, என் கண்ணு முன்னால.

— சரி சரி, அணைச்சாச்சு. ஏன் இப்படிப் படபடக்குற?

— ஒருத்தர் பக்கத்துலயே நின்னு, திறந்து காட்டுன்னா?

— அதுக்கும் வழி இருக்கு. இதுல ரெண்டு பின். ஒண்ணு போட்டா முழுக் காசும் தெரியும். இன்னொண்ணு போட்டா சில்லறைதான். அவ்வளவுதான் இருக்குன்னு நம்பிப் போயிடுவாங்க.

— போனையே உடைச்சுட்டா?

— உடையட்டும். ஆரம்பத்துல பன்னெண்டு வார்த்தை குடுக்கும். அதை வேற போன்ல போட்டா காசு திரும்பக் கிடைச்சுடும். பேப்பர்ல எழுதிப் பத்திரமா வை.

— எங்க வீட்டுல எந்தப் பேப்பரும் பத்திரம் இல்ல. மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

— பன்னெண்டையும் வரிசை மாறாமயா? பால் கணக்கே உனக்கு நிக்காது!

— எதைச் சொன்னா அடி விழாதுன்னு எட்டு வருஷமா மனப்பாடம் பண்ணிட்டு இருக்கேன்டா. இது நிக்கும்.

— அக்கா... போன மாசம் உன் போன் மாடிப்படியில விழுந்துச்சுன்ன. தவறி விழுந்த போன் பெரும்பாலும் மூலையிலதான் உடையும். உன்னுது நடுவுல குழிஞ்சு கிடந்துச்சு. ரிப்பேர் பண்ணும்போதே தோணுச்சு, கேக்காம விட்டுட்டேன். மாமாவா?

— முதல்ல இதை முடி. இன்னும் பத்து நாள்தான். கடைசி வேலைக்குக் காசு வந்ததும் பாப்பாவைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன். ரூமுக்கு முன்பணம் இதுலதான் வந்து சேரணும். அதுவரைக்கும் அவருக்கு ஒரு துளி சந்தேகம் வரக் கூடாது. இப்பக்கூடப் பல் டாக்டர்கிட்டப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன்... ஏன்டா, உன் முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— நீ உள்ள வந்து உக்காந்ததுமே மாமாவுக்கு மெசேஜ் போட்டேன்க்கா, 'அக்கா கடைக்கு வந்துட்டா'ன்னு. நீ எப்ப வந்தாலும் சொல்லச் சொல்லியிருக்காரு... உன்மேல அக்கறைன்னு நெனச்சேன்.