ஐந்து வேறு கைகள்

மத்தியானம் இரண்டு மணி. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஏய், மூலையில் இருக்கிறவளே, சிரிக்காதே. விளக்கை அணைக்க வேண்டாம் என்று கெஞ்சியதே நீதான்.

இது என் சிநேகிதியின் நாத்தனாருக்கு நடந்தது. பொருள் வடிவமைப்பு படிக்கிறவள். நாற்காலி, டம்ளர், குடைக்காம்பு... நாம் தொட்டுப் புழங்குகிற எதையும் முதலில் வரைந்து, பிறகு மாதிரி செய்து பார்க்கிற படிப்பு. அன்று விடுமுறை. கல்லூரியின் பின்பக்கச் சாலையில் ஈ காக்கை இல்லை. வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. பட்டறைக்கு விறுவிறுவென்று நடக்கிறாள்.

மறுநாள் காலை தேர்வாளர் வருகிறார். ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இந்த முறையும் தோற்றால் படிப்பை விட்டு வெளியேற வேண்டியதுதான். வேலை என்னவோ ஒரு கதவுக் கைப்பிடிதான். களிமண்ணை நீளமாக உருட்டி, பின்னால் விரல் நுழைய இடம் விட்டுப் பலகையில் பொருத்த வேண்டும். ஐந்து பேரைப் பிடிக்கச் சொல்லி, விழுகிற விரல் பள்ளங்களைப் பார்த்து வரைய வேண்டும். இவள் சோம்பல்பட்டு ஐந்தையும் தானே பிடித்து வைத்திருந்தாள். வாத்தியார் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

"அஞ்சுலயும் உன் கைதாம்மா இருக்கு. எனக்கு அஞ்சு வேற கை வேணும்."

விடுமுறையன்று கைக்கு எங்கே போவாள்? கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் ஊருக்குப் போயாகிவிட்டது. புதுக் களிமண்ணைப் பொருத்தி, பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"யாராவது வந்து ஒரு தடவை பிடிச்சுட்டுப் போங்களேன்," என்று வாய்விட்டுப் புலம்பிவிட்டு, கை கழுவ வெளிக்குழாய்க்குப் போனாள்.

உள்ளே... டொக். பலகை சுவரில் இடிக்கிற சத்தம். ஒரே ஒரு தடவை.

வந்து பார்த்தால் களிமண்ணில் பள்ளம் பள்ளமாக விரல்கள். அகலமான கை. காவலாளிதான் என்று நினைத்து வாசலுக்கு ஓடினாள்.

"நான் இங்கேயேதான உக்காந்திருக்கேன். உள்ள யாரும் போகலயேம்மா," என்றார் அவர்.

நீங்களாக இருந்தால் அப்படியே வீட்டைப் பார்த்து ஓடியிருப்பீர்கள். நானும்தான். அவளுக்குப் பயத்தைவிடப் பரீட்சை பெரிதாக இருந்தது. இரண்டாவது களிமண் கைப்பிடியைப் பொருத்திவிட்டு, தானாகவே வெளியே போய் நின்றாள். டொக். இந்த முறை ஒரு குழந்தைக் கை. மூன்றாவதில் மோதிரத் தடம். நான்கு... ஐந்து... எல்லாவற்றிலும் நனைந்த சாம்பல் வாடை.

வரைய உட்கார்ந்தபோதுதான் பென்சில் நின்றது. நாம் கைப்பிடியைப் பிடித்தால் உள்ளங்கை நம் பக்கம் இருக்கும். விரல் நுனிகள் கதவுப் பக்கம் மடங்கும். இவற்றில் உள்ளங்கை பதிந்திருந்தது பலகைப் பக்கம். விரல் நுனிகள் அவளைப் பார்த்து மடங்கியிருந்தன. பலகைக்குப் பின்னால் வெறும் சுவர்.

அழுதாள். அழுதுகொண்டே வரைந்தாள். அந்தப் பள்ளங்களுக்கு ஏற்றபடியே மரத்தில் கைப்பிடியைச் செதுக்கி முடித்தாள். வேறு என்ன செய்வாள், பாவம்?

காலையில் தேர்வாளர் வந்தார். அறையில் அவரும் அவளும் மட்டும். கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்ப்பது அவர்கள் தொழில் வழக்கம். கண் திறந்திருந்தால் கை பொய் சொல்லுமாம். அவரும் கண்ணை மூடிப் பிடித்தார். ரொம்ப நேரம்... விடவே இல்லை. மெல்லச் சிரித்தார்.

"நல்லாப் பொருந்துது. பாஸ் பண்ணிட்டே," என்றார், கண்ணைத் திறக்காமலே. "சரிம்மா, போதும். என் விரலை விடு."

அவள் அறையின் அந்தக் கோடியில் நின்று, இரண்டு கையாலும் தன் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.