கம்பிக்கடியில் சாம்பல்

— அப்பா, வாயைத் திறங்க. இன்னும் நல்லா. ஒவ்வொரு கிளிப்புக்குப் பக்கத்துலயும் இது என்ன கறுப்பா?

— வேர்க்கடலையா இருக்கும், கண்ணு.

— வேர்க்கடலை சாம்பல் வாசம் அடிக்குமா? மறுபடியும் சாணிச் சாம்பல் போட்டுத் தேய்ச்சிருக்கீங்க!

— கொஞ்சூண்டுதான், அலுவேல் கண்ணு. மாட்டுப்பட்டியிலேர்ந்து வந்த லாரியில ஒரு டப்பா குடுத்துவிட்டாங்க. கேளு, என் செவலைக் காளை மேல ஆணை, சின்ன வயசுலேர்ந்து அந்தச் சாம்பல்தான். என் பல் ஒண்ணு ஆடினதில்ல.

— ஆடாததைத்தானே ஆறு பிடுங்கினாங்க, கீழ் வரிசையில.

— அது வேற. பத்துப் பன்னெண்டு வயசுல எல்லாருக்கும் பிடுங்கறது எங்க பட்டி வழக்கம்.

— பேச்சை மாத்தாதீங்க. டாக்டரம்மா போன மாசம் என்ன சொன்னாங்க? அடுத்த தடவையும் அழுக்கோட வந்தா பல்லுக் கம்பியைக் கழட்டிடுவேன்னாங்க. அடுத்த தடவை இன்னிக்கு, பத்து மணிக்கு! கழட்டிட்டா, கீழ பல் இல்லாம மேல் பல் பழையபடி முன்னாடி தள்ளிக்கும், கீழ அந்த ஆறையும் கட்டித் தரமாட்டாங்க.

— சரி, சரி. பிரஷ்ஷைக் குடு.

— ஈறும் பல்லும் சேர்ற இடத்துல சாய்ச்சு வைங்க. கம்பிக்கு மேல முதல்ல. ஐயோ, லாரி டயரா கழுவறீங்க? மெதுவா!

— கன்னுக்குட்டி காதைத் துடைக்கிற மாதிரியா?

— ஜூபா டவுன்ல பொறந்தவ நான், எந்தக் கன்னுக்குட்டியைக் கண்டேன்? ம், அப்படித்தான். இப்பக் கம்பிக்குக் கீழ, கீழேர்ந்து மேல. அப்புறம் இந்தக் குட்டி பிரஷ், கம்பிக்கும் பல்லுக்கும் நடுவுல நுழைச்சு… ஒவ்வொண்ணா. தாவாதீங்க.

— வலிக்குதுடி.

— வலிக்கும். நான் பக்கத்துலதானே இருக்கேன். அப்பா… பட்டியில இருக்கிற பெரியப்பா எனக்குன்னு ஒரு கன்னு வச்சிருக்காராமே. லீவுக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாராம்.

— ம்ம்ம்.

— நுரையைத் துப்பிட்டுச் சொல்லுங்க.

— துலக்கும்போது பேசக்கூடாதுன்னு நீதானே சொன்ன.

— போன லீவுக்கு அத்தை பொண்ணு அயேன் அக்காவையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. அவளுக்கும் கன்னு குடுத்தாங்க. வந்ததிலேர்ந்து வாயைக் கையால மூடிக்கிட்டுத்தான் பேசறா. என்கூடச் சிரிக்கிறதே இல்ல.

— தெரியும்.

— எனக்கும் பன்னெண்டு முடியப்போகுது, அப்பா.

— அதுவும் தெரியும். அழாத. இங்க வா, ஈரக் கைதான், பரவாயில்ல. கேளு. உன் பெரியப்பன் மூணு தடவை போன் பண்ணிட்டான்.

— உங்க கம்பியைக் கிண்டல் பண்ணத்தானே? மூக்கணாங்கயித்தைப் பல்லுல போட்டுக்கிட்டான்னு?

— அது பிற்பாடு. முதல் போன் கம்பி கட்டுறதுக்கு முன்னாடி வந்தது. "புள்ளைக்கு வயசாகுது, கூட்டிட்டு வா"ன்னான். மாட்டேன்னேன். "ஆறு பல் போனதால நீ என்னடா கெட்டுப்போன, நல்லாத்தானே வாழற"ன்னான். போனை வச்சுட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா நானும் கையை வச்சு மூடித்தான் சிரிக்கிறேன், கண்ணு. அதை அண்ணன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.

— நீங்க லாரி ஓட்டும்போது மட்டும் சத்தமா சிரிப்பீங்க. ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கும்.

— பாத்திருக்கியா அதை?

— பாத்திருக்கேன். அப்புறம்?

— அப்புறம் என்ன, கெட்டதைச் சரி பண்ணணும்னு மறுநாளே போய்க் கம்பி கட்டிக்கிட்டேன். முதலாளி சொன்னாருன்னு உங்கம்மாகிட்டச் சொன்னது பொய்.

— எதுக்குப்பா பொய்?

— நாப்பத்தஞ்சு வயசுல ஒருத்தன் எதுக்குக் கம்பி கட்டிக்கிறான்னு கேட்டா, நான் அழுதிருப்பேன். சரி, பாரு, இன்னும் எங்க கறுப்பு இருக்கு? லீவு வரைக்கும் இது கழலக் கூடாது.

— இதோ, கடைவாய்ப் பக்கம் ஒண்ணு. லீவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?

— நீ இங்க உங்கம்மாகூட இருப்ப. நான் மட்டும் போறேன். பட்டியில எல்லாரும் உக்காந்திருக்கும்போது இந்த வாயைத் திறந்து காட்டி, எம் பொண்ணு வாயைத் தொட நினைக்கிறவங்க முதல்ல என்னோட ஆறைத் திருப்பிக் குடுங்கடான்னு கேக்கப் போறேன்.