ஒரே எண்ணில் இரண்டு வீடு

ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டுக்கு எழுதிவைத்தால் தபால்காரன் பாடு திண்டாட்டம்தான், செல்வி. பாகூரில் முப்பத்தெட்டு வருஷம் தபால் கொடுத்தவன் சொல்கிறேன். "சுருட்டு பிடிப்பவர், பாகூர்" என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தை, அவர் வாயிலிருந்த சுருட்டு அணைவதற்குள் சேர்த்தவன் இந்த மணவாளன்.

உன் அம்மா ஜோஸ்பின் இறந்துபோன பிறகு, அவள் குரல் பதிவுகளை எல்லாம் போனிலிருந்து எடுத்து டிரைவ் என்கிற அந்தச் சேமிப்பு டப்பாவில் போட்டு, வைஃபையில் இணைத்துக் கொடுத்தாய். நல்ல காரியம்தான். ஆனால் உன் அப்பன் ஜெயசீலன் அதன் முன்னாலேயே குடியேறிவிட்டான். "சோறு ஆறுது, எழுந்து வாய்யா" என்று அவள் திட்டுவதை ஒரு சாயங்காலத்துக்கு ஆயிரம் தடவை போடுவான். நாற்பது வருஷம் என்னோடு டீக்கடைக்கு வந்தவன், "நீ போடா, நான் இவகூட இருக்கேன்" என்றான்.

"எதுனா நின்னுபோனா பாத்துக்குங்க மாமா" என்று கடவுச்சொற்களை நீதான் கொடுத்தாய். அடுத்த வீடான என் வீடுவரை எட்டும் அந்த வைஃபையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. டிரைவின் எண்ணையே என் பழைய போனுக்கும் எழுதிவைத்தேன். அவ்வளவுதான். போனைப் போட்டால் டிரைவ் காணாமல் போகும். அணைத்தால் திரும்பி வரும்.

"மணவாளா, டப்பா பூடுச்சிடா, வாடா" என்று கூப்பிடுவான். போவேன். ஒயரைப் பிடுங்கி ஊதுவேன். பையிலிருந்த போனை அணைப்பேன். இப்படியே ஓடிய இரண்டு மாதமும் பாகூர் ஏரிக்கே வைஃபை கொடுக்கக்கூடியவன் நான்தான். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் டீக்குப் போவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்புராஜ் என்ற மெக்கானிக்கைக் கூட்டிவந்தாய். இதுவரை யார் பார்த்தது என்று அவன் கேட்டான். உன் அப்பன் என்னைக் காட்டிச் சிரித்தான்.

"இவன் தபால்காரன் தம்பி. இவனுக்கு இன்னா தெரியும்? ஒயரை ஊதிக்கினு இருப்பான்."

நீயும் சிரித்தாய். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாளைக்கு வந்து வேறு எண் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அன்புராஜ் சொல்லிவிட்டுப் போனான். சரியாகிவிட்டால் உன் அப்பன் மறுபடி என்னை மறந்துவிடுவான் இல்லையா. அதனால் வீட்டுக்குப் போய் என் போனுக்கு அதன் சொந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிரைவுக்குள் நுழைந்தேன். எல்லாவற்றையும் அழிக்கவா, மீட்க முடியாது என்று மரியாதையாக இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்றேன். வேறு பிரதி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்புராஜ்தான் அழித்துவிட்டான் என்று நீ புகார் எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை, செல்வி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உன் அப்பனைப் பற்றிக் கவலைப்படாதே. இப்போது தினமும் என்னோடு வந்துவிடுகிறான். வாய்தான் திறப்பதில்லை. சர்க்கரை போதுமா என்று டீக்கடைக்காரர் கேட்டால்கூட நான்தான் பதில் சொல்கிறேன். மற்றபடி ஆள் நன்றாகத் தேறிவிட்டான்.